"ஓடாது" என்பது யார் எழுதிய விதி?

(பனமலையில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கம்ப்யூட்டரைப் பற்றியதாகும். "நாலு பக்கமும் வயலும் மலையுமாயிருக்கிற பனமலையில் வந்து கம்ப்யூட்டரைப் பற்றி என்ன பிரசங்கம்?" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நமக்கு அது வேண்டியிருந்தாலும் வேண்டாவிட்டாலும், பட்டா நகலுக்கும் சாதிச் சான்றுக்கும் நாம் அதனிடம்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. கலியாணப் பத்திரிகை அடிக்கச் செஞ்சிக்குப் போனாலும் அதுதான். கடைக்காரர் வரிக்கணக்குக் காட்ட விழுப்புரம் போனாலும் அதுதான். நம் பிள்ளைகள் வேலைக்கென்று கற்கிற கணக்கு வகுப்பிலும் அதுதான். ஆகவே அந்த யந்திரம் யார் சொற்படி நடக்கிறது, யாருக்குப் பணம் போகிறது என்று விசாரிப்பது கிராமத்தானுக்கும் அவசியமான காரியமேயாகும்.

நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பவேண்டாம். கேட்டு, உங்கள் சொந்த புத்தியில் போட்டுப் பார்த்து, சரியென்று பட்டதை மாத்திரம் எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள்.

விஷயம் என்ன?

கம்ப்யூட்டர் வெறும் இரும்பும் பிளாஸ்டிக்கும்தான். அதை நடத்தி வைக்க உள்ளே ஓர் அடிப்படை ஏற்பாடு வேண்டும். அதற்கு இயங்குதளம் என்று பெயர். அதன்மேல்தான் கணக்கு எழுதுவது, பத்திரிகை அடிப்பது, படம் வரைவது முதலிய மற்ற மென்பொருள்கள் ஓடுகின்றன. சாலையும் வண்டியும் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இயங்குதளம் சாலை, மற்றவை வண்டிகள்.

இந்தச் சாலையில் இரண்டு விதம் உண்டு. ஒன்று கம்பெனிக்குச் சொந்தமான சாலை. மைக்ரோசாஃப்ட் கம்பெனியின் விண்டோஸ் அப்படிப்பட்டது. சுங்கம் கட்டித்தான் போக வேண்டும். சாலைக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தோண்டிப் பார்க்க நமக்கு உரிமை கிடையாது. மற்றொன்று லினக்ஸ் என்கிற ஊர்ப் பொதுச்சாலை. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பவர் "மென்பொருளை யாரும் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம்" என்ற கொள்கையோடு ஒரு வேலையை ஆரம்பித்தார். 1991இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் அதற்கு வேண்டிய உட்கருவை எழுதிக் கொடுத்தார். அன்று முதல் உலகமெங்குமுள்ள பல்லாயிரம் பேர் கூடிப் போட்ட சாலை அது. நம் சென்னையிலுள்ள சி-டாக் என்ற மத்திய அரசாங்க ஸ்தாபனமும் "பாஸ்" என்ற பெயரில் ஒரு லினக்ஸை உண்டாக்கி, அதில் தமிழ் முதலிய இந்திய பாஷைகளுக்கு இடம் வைத்திருக்கிறது.

சாலை இருக்கிறது, சுங்கமும் இல்லை. அப்படியிருக்க ஏன் ஜனங்கள் அதில் போவதில்லை? வண்டி இல்லை என்பதுதான் பதில். பெங்களூர்க் கம்பெனியின் டாலி என்கிற கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கென்று செய்யப்படுகிறது. அச்சகத்தாருக்கு வேண்டிய ஃபோட்டோஷாப், இன்டிசைன், கோரல் டிரா ஆகியவற்றுக்கும் லினக்ஸில் இடமில்லை. கணக்கு எழுதுகிறவர் டாலிக்காக விண்டோஸில் இருக்கிறார். பத்திரிகை அடிக்கிறவர் கோரல் டிராவுக்காக விண்டோஸில் இருக்கிறார். சாலை பிடித்து யாரும் அங்கே இல்லை. வண்டி அங்கே மாத்திரம் ஓடுவதால் இருக்கிறார்கள்.

விதியா, வியாபாரமா?

கடைக்காரரிடம் "ஐயா, இது லினக்ஸில் ஏன் ஓடாது?" என்று கேட்டுப் பாருங்கள். "அது அப்படித்தாங்க" என்பார். தோழர்களே! இந்த "அது அப்படித்தான்" என்ற வார்த்தையை நாம் எத்தனை விஷயங்களில் கேட்டிருக்கிறோம்! ஏழை ஏன் ஏழையாயிருக்கிறான் என்றாலும் இதே பதில். பெண்ணுக்கு ஏன் படிப்பில்லை என்றாலும் இதே பதில் வந்ததுண்டு. மனிதன் செய்து வைத்த ஏற்பாட்டை இயற்கை என்று நம்பச் செய்துவிட்டால், பிறகு காவல் போட வேண்டியதில்லை. அடைபட்டவனே கதவைச் சாத்திக்கொள்வான்.

ஒரு மென்பொருள் ஒரு இயங்குதளத்தில் ஓடாமலிருப்பது சூரியன் கிழக்கே உதிப்பது போன்ற காரியமல்ல. ஒரு கம்பெனியின் மேஜையில் நாலு பேர் உட்கார்ந்து, "லினக்ஸுக்குச் செய்தால் எத்தனை பேர் வாங்குவார்கள்? செய்ய என்ன செலவாகும்?" என்று கணக்குப் பார்த்து எடுத்த முடிவாகும். முடிவு எடுத்தவன் மனிதன். ஆதலால் மாற்றக்கூடியவனும் மனிதன்.

இதற்கு ருஜு வேண்டுமா? 2001இல் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரியாயிருந்த ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய்க்கு ஒப்பிட்டுப் பேசினார். 2017இல் அதே கம்பெனி தன் எஸ்.க்யூ.எல். சர்வர் என்ற பெரிய தகவல்தள மென்பொருளை லினக்ஸில் ஓடும்படி செய்து விற்க ஆரம்பித்தது. இடையில் புற்றுநோய் அமிர்தமாகிவிட்டதா? இல்லை. பெரிய பெரிய வாடிக்கைக்காரர்களின் யந்திர சாலைகளில் லினக்ஸ் நிறைந்துவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய 500 கம்ப்யூட்டர்களின் பட்டியலில் 2017 நவம்பர் முதல் 500ம் லினக்ஸே. வாடிக்கைக்காரன் "நான் இந்த இடத்தை விட்டு வரமாட்டேன், வேண்டுமானால் நீ இங்கே வந்து விற்றுக்கொள்" என்றான், கம்பெனி வந்தது. அவ்வளவுதான் சங்கதி.

விளையாட்டு மென்பொருள் விற்கிற வால்வ் என்ற கம்பெனியும் 2013இல் தன் கடையை லினக்ஸில் திறந்தது. 2018இல் விண்டோஸ் விளையாட்டுகளே லினக்ஸில் ஓடும்படி ஒரு கருவியையும் தந்தது. அதுவும் தர்மத்துக்கல்ல. மற்றொருவன் சாலையையே நம்பிக் கடை வைத்தால், நாளைக்கு அவன் கதவைச் சாத்தினால் என் கதி என்ன என்ற பயந்தான் காரணம். கோடீசுவரக் கம்பெனிக்கே அந்தப் பயம் உண்டானால் செஞ்சிக் கடைவீதியில் இரண்டு யந்திரம் வைத்துப் பிழைக்கிறவருக்கு எவ்வளவு பயம் இருக்க வேண்டும்?

உயிரோடிருப்பதற்குக் கருமாதி

அந்தப் பயம் வெறும் கற்பனையல்ல. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்குச் சாதாரணமாகத் தரும் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் நாள் குறித்து, அப்படியே நிறுத்திவிட்டது. வேண்டுகிறவர்களுக்குச் சிறிது காலம் நீட்டிப்பு உண்டு, அவ்வளவே. விண்டோஸ் 11க்குப் போகலாமே என்றால், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சில்லும், அவர்கள் பட்டியலில் சேர்ந்த புதிய பிராசசரும் வேண்டும் என்கிறார்கள். ஆகவே கடன் வாங்கி வாங்கிய யந்திரம் நன்றாய் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, "இது செத்துவிட்டது, காரியத்தைப் பாரும்" என்கிறார்கள். உயிரோடிருப்பவனுக்குக் கருமாதி செய்கிற இந்தப் புரோகிதத்துக்கு நாம் தட்சிணையும் கொடுக்க வேண்டுமாம்!

அதே பழைய யந்திரத்தில் லினக்ஸைப் போட்டால் இன்னும் பல வருஷம் உழைக்கும். ஆனால் போட்டபின் டாலி எங்கே? கோரல் டிரா எங்கே? வைன் என்கிற கருவியைக் கொண்டு சிலவற்றை எப்படியோ ஓட்டுகிறார்கள். ஆனால் அடுத்த பதிப்பில் அது நின்றுபோனால் கேட்பாரில்லை. கம்பெனியார் தாமே பொறுப்பேற்றுச் செய்து தந்தால்தான் பிழைப்பை அதன்மேல் வைக்க முடியும். இதற்காகத்தான் கேட்க வேண்டும் என்கிறேன்.

கேட்காததால் வந்த கேடு

தமிழ் அச்சகத்தாருக்கு நேர்ந்த கதி இதற்கு நல்ல உதாரணம். நம் அச்சகங்கள் பல வருஷங்கள் பேஜ்மேக்கர் என்ற மென்பொருளை நம்பியிருந்தன. அதன் கடைசிப் பதிப்பாகிய 7, 2001இல் வந்தது. உலகத்து எழுத்துக்களுக்கெல்லாம் பொதுவான யூனிகோடு குறியீடு அதற்குத் தெரியாது. ஆகவே எழுத்துருக் கம்பெனிகள் ஆளுக்கொரு குறியீடு வைத்தன. ஒருவர் எழுத்துருவில் அடித்த தமிழை மற்றொருவர் யந்திரத்தில் திறந்தால் மந்திரம் போல் உளறும். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடி ஒழுங்கு செய்ய முயன்றது. 2010 ஜூனில் தமிழ்நாட்டு அரசாங்கம் யூனிகோடே பொதுக் குறியீடு என்று உத்தரவு போட்டது. யூனிகோடு ஓடாத இடங்களுக்கென்று டேஸ்-16 என்ற மற்றொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாயிற்று. இன்டிசைனில் தமிழை ஒழுங்காய் அமைக்கும் வசதியோ 2012இல்தான் வந்தது.

இவ்வளவு வருஷம் ஏன் கம்பெனிக்கு நம் தமிழ் கண்ணில் படவில்லை? யோசித்துப் பாருங்கள். நம் ஊர்களில் எத்தனை பேர் காசு கொடுத்து வாங்கினார்கள்? எத்தனை பேர் திருட்டுப் பிரதி வைத்து நடத்தினார்கள்? திருட்டுப் பிரதி வைத்திருப்பவன் கம்பெனியின் கணக்கில் ஆளே அல்ல. அவன் "எனக்கு இது வேண்டும்" என்று ஒரு கடிதம் எழுதவும் வாயில்லாதவன். சும்மா கிடைக்கிறதே என்று அவன் சந்தோஷப்படுகிறான். உண்மையில் கேட்கும் உரிமையை விற்றுத்தான் அதை வாங்கியிருக்கிறான். சுயமரியாதை உள்ளவன் ஒன்று காசு கொடுத்து வாங்கி அதிகாரத்தோடு கேட்க வேண்டும். அல்லது பொதுச்சொத்தாகிய கட்டற்ற மென்பொருளை நேர்மையாய் உபயோகிக்க வேண்டும். இரண்டுமற்ற இடத்தில் மரியாதையும் இல்லை, பேச்சுரிமையும் இல்லை.

இந்தப் பனமலைமேல் ராஜசிம்ம பல்லவன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. அது வடமொழியாயிருப்பதால் நமக்கு என்ன லாபம் என்பது வேறு விஷயம். ஆனால் 1,300 வருஷத்துக்குப் பின்னும், அந்த எழுத்தும் பாஷையும் படித்த எவனும், வெட்டின தச்சனுடைய உத்தரவில்லாமல் அதை வாசிக்கலாம். 20 வருஷத்துக்கு முன் பேஜ்மேக்கரில் செய்த ஒரு தமிழ்ப் புத்தகத்தை இன்று திறந்து பாருங்கள் பார்ப்போம்! கல்லுக்கிருக்கும் யோக்கியதை கம்ப்யூட்டருக்கு இல்லையென்றால் குற்றம் யந்திரத்தின்மேல் இல்லை, அதைப் பூட்டி வைத்த முறையின்மேல் இருக்கிறது.

அரசாங்கத்தின் இரட்டை நாக்கு

கம்பெனியையாவது வியாபாரி என்று விடலாம். அரசாங்கம்? மத்திய அரசாங்கம் 2015இல் திறந்த மூல மென்பொருளுக்கே தன் காரியங்களில் முதலிடம் என்று ஒரு கொள்கை வெளியிட்டது. 2017 ஜூலை 1ஆம் தேதி ஜி.எஸ்.டி. வரி வந்தது. அந்த வரிக்கணக்கைத் தயாரிக்க அரசாங்கத்தார் தந்த கருவிக்கு என்ன வேண்டுமென்று அவர்களே எழுதி வைத்ததைப் பாருங்கள்: விண்டோஸ் 7ம் எக்செல் 2007ம், அல்லது அவற்றுக்கு மேற்பட்டவையும். ஒரு கையால் பொதுச்சாலைக்கு அஸ்திவாரக் கல் நாட்டிவிட்டு, மற்றக் கையால் கம்பெனிச் சாலைக்கு ஆள் பிடித்துவிடுவது என்ன நியாயம்?

நம் மாகாணத்து அரசாங்கமும் 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த லேப்டாப்புகளில் விண்டோஸையும் பாஸ் லினக்ஸையும் சேர்த்தே வைத்துக் கொடுத்தது. இரண்டு கதவு வைத்தார்கள்; நல்லது. ஆனால் இரண்டாவது கதவை எத்தனை பிள்ளைகள் திறந்தார்கள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளையே கேளுங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் வேலைக்கு வேண்டிய சாமான் இல்லையென்றால் அவன் ஏன் திறப்பான்? பக்கத்துக் கேரளத்தில் அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் பாடமே கட்டற்ற மென்பொருளில் நடக்கிறது. ஆசிரியருக்கும் அதிலேயே பயிற்சி. அங்கே பிள்ளை திறக்கிறான்.

கம்பெனியார் சொல்லும் சமாதானம்

இனி எதிர்வாதத்தைப் பார்ப்போம். "லினக்ஸ் உபயோகிப்பவர் சொற்பம், அதனால் செய்யவில்லை" என்பது கம்பெனியார் வாதம். "மென்பொருள் இல்லை; அதனால் நாங்கள் மாறவில்லை" என்பது நம்மவர் வாதம். ஊரார் வந்தால் கிணறு வெட்டுகிறேன் என்கிறான் ஒருவன். கிணறு வெட்டினால் குடிவருகிறேன் என்கிறான் மற்றவன். இருவரும் இப்படியே இருந்தால் தாகந்தான் மிச்சம். யாராவது ஒருவர் முதலில் வாய் திறக்க வேண்டும். லாபக்காரன் திறக்கமாட்டான், ஆகவே தாகமுள்ளவன்தான் திறக்க வேண்டும்.

"லினக்ஸில் நூறு வகை உண்டே, எதற்கென்று செய்வது?" என்பது இரண்டாவது. இது ஒரு காலத்தில் நியாயமாயிருந்தது. இன்று பிளாட்பேக், ஆப்இமேஜ் முதலிய முறைகளில் ஒரே பொட்டலமாகக் கட்டினால் பல வகைகளிலும் ஓடுகிறது. நம் நாட்டு ஜோஹோ கம்பெனி தன் கிளிக் என்ற மென்பொருளை லினக்ஸுக்கும் தருகிறதே! அது லினக்ஸ் வகைகளை எண்ணிப் பயந்து நின்றுவிடவில்லையே!

மூன்றாவது வாதந்தான் நாம் தலைகுனிந்து கேட்க வேண்டியது. "செய்து கொடுத்தோம், வாங்குவாரில்லை" என்பது அது. கோரல் கம்பெனி 1999இல் தானே ஒரு லினக்ஸை வெளியிட்டு, 2000இல் கோரல் டிராவையும் லினக்ஸுக்குச் செய்து தந்தது. கம்பெனி பணக்கஷ்டத்தில் விழுந்து, 2001இல் லினக்ஸ் பகுதியையே விற்றுவிட்டது. கோரல் டிராவும் அங்கே தொடரவில்லை. மைக்ரோசாஃப்டும் டீம்ஸ் என்ற மென்பொருளை 2019இல் லினக்ஸுக்குத் தந்து 2022இல் நிறுத்திக்கொண்டது. ஆகவே கேட்டு வாங்கினால் போதாது. வந்ததைத் தாங்கி நிறுத்தவும் வேண்டும். சாலை இலவசமாயிருப்பதால் வண்டியும் இலவசமாய் வர வேண்டுமென்று நினைப்பது பேராசையேயாகும்.

நம்மவர் ஆட்சேபணை

கட்டற்ற மென்பொருள் நண்பர்கள் சிலர், "பூட்டி வைத்த மென்பொருளை நம் சாலைக்கு ஏன் அழைக்கிறீர்? நம்முடையதையே வளர்க்கலாமே" என்று கோபிப்பார்கள். அவர்கள் லட்சியத்தில் எனக்கு விரோதமில்லை. லிப்ரே ஆபீஸ், கிம்ப், இங்க்ஸ்கேப், ஸ்கிரைபஸ் ஆகியவை இருக்கின்றன. அவற்றால் காரியம் முடிகிறவர்கள் இன்றே மாறட்டும், நல்லது. ஆனால் ஆடிட்டர் டாலியில்தான் கணக்குக் கேட்கிறார் என்றால், கடைக் குமாஸ்தாவை "உன் லட்சியத்துக்காக வேலையை விடு" என்று சொல்வது என்ன புத்திசாலித்தனம்? பட்டினி கிடப்பவனுக்கு விரத மகிமை சொன்ன கதைதான். முதலில் அவன் காலைப் பொதுச்சாலையில் வைக்கட்டும். வந்தபின் எந்த வண்டி நல்ல வண்டியென்று அவனே பார்த்துக்கொள்வான்.

எப்படிக் கேட்பது?

கெஞ்சிக் கேட்கக் கூடாது. ஏசிக் கேட்பதும் பயனில்லை. வாங்குகிறவன் விற்கிறவனைக் கேட்பது போல் கேட்க வேண்டும்.

முதலாவது, எழுத்தில் கேளுங்கள். "லினக்ஸுக்குச் செய்யுங்கள்" என்று மொட்டையாய் எழுதாமல், இன்ன மென்பொருள், இன்ன பதிப்பு, உபுண்டுவிலோ பாஸிலோ வேண்டும், எங்களிடம் இத்தனை யந்திரம், இத்தனை ரூபாய் ஆண்டுதோறும் தரத் தயார் என்று எழுதுங்கள். அனுதாபத்தைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் ஏற்றமாட்டான், தொகையை ஏற்றுவான்.

இரண்டாவது, தனியாய்க் கேட்காதீர்கள். செஞ்சி, திண்டிவனம், விழுப்புரம் பக்கத்து அச்சகக்காரர், கணக்கர், வகுப்பு நடத்துகிறவர் எல்லோரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்திடுங்கள். ஒரு கடை ஒரு கடிதம். நூறு கடை ஒரு சந்தை.

மூன்றாவது, முழுதும் தர முடியாதென்றால் பாதியாவது கேளுங்கள். கோப்பின் அமைப்பையாவது வெளியிடச் சொல்லுங்கள். எந்த உலாவியிலும் ஓடும் வலைப் பதிப்பையாவது தரச் சொல்லுங்கள். நம் சொந்தக் கணக்கை நாம் வெளியே எடுத்துக்கொள்ள வழியையாவது திறந்து வைக்கச் சொல்லுங்கள்.

நான்காவது, பொதுப்பணம் செலவாகும் இடத்தில் இன்னும் உறுதியாய்க் கேளுங்கள். பஞ்சாயத்து, கூட்டுறவுச் சங்கம், பள்ளிக்கூடம் இவற்றுக்கு மென்பொருளோ பிரிண்டரோ வாங்கும்போது, "லினக்ஸிலும் ஓட வேண்டும்" என்ற ஒரு வரி டெண்டரில் இருக்க வேண்டுமென்று தீர்மானம் போடுங்கள். நூறு கடிதம் செய்யாததை அந்த ஒரு வரி செய்யும்.

ஐந்தாவது, அவர்கள் செய்து தந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். குறையிருந்தால் இன்ன இடத்தில் இன்ன குறை என்று எழுதுங்கள். கோரலுக்கு நேர்ந்தது மறுபடி நேரக் கூடாது.

இதெல்லாம் எப்போது பலிக்கும் என்று கேட்பீர்கள். பெரியார் 1935இல் தம் பத்திரிகையில் சீர்திருத்த எழுத்தைப் போட ஆரம்பித்தபோது, "எழுத்தை மனிதன் மாற்றுவதா?" என்று சிரித்தார்கள். அவர் சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திராமல் அச்சுக் கோத்துக்கொண்டே போனார். 1978இல் அரசாங்கமே அதை ஒப்புக்கொண்டது. இன்று உங்கள் கைபேசியிலுள்ள தமிழ் அந்த எழுத்துத்தான். உபயோகித்துக் காட்டியதும், விடாமல் கேட்டதும் சேர்ந்தே அது நடந்தது. இதற்கு 43 வருஷம் வேண்டியதில்லை. ஆனால் 43 நாளில் நடந்துவிடும் என்று சொல்லி உங்களை ஏமாற்றவும் எனக்கு விருப்பமில்லை.

ஆகவே தோழர்களே! அடுத்த தடவை யாராவது "அது லினக்ஸில் ஓடாதுங்க" என்று சொன்னால், "ஓடாதா, ஓட்டவில்லையா?" என்று திருப்பிக் கேளுங்கள். ஓட்டவில்லை என்பது தெரிந்துவிட்டால், ஓட்ட வேண்டியவன் யாரென்பதும் தெரிந்துவிடும். பிறகு அவனுக்கு ஒரு கடிதம் எழுத ஒரு நாழிகை போதும்.